பதினேழாவது பூஜ்யம்

டயாலிசிஸ் வார்டின் நான்காம் நம்பர் இயந்திரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நின்றது. நின்றதை அது மறைக்கவில்லை. எந்த இடத்தில் தவறி நின்றது என்பதை மட்டும் மறைத்தது. திரையில் இப்படி இருந்தது:

'பிழை ஏற்பட்டுள்ளது. பிழை நிகழ்ந்த இடம்: 0000000000000000. தங்கள் பாதுகாப்பே எங்கள் கடமை.'

குழாயில் பாதி வழி வந்திருந்த ரத்தம் மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் நின்றது. நர்ஸம்மா ஓடி வந்தாள். இயந்திரத்தின் முதுகில் மாட்டியிருந்த இரும்புக் கைப்பிடியை உருவி, ரத்த பம்பின் நடுவில் சொருகி, கையாலேயே சுற்ற ஆரம்பித்தாள். நிமிஷத்துக்கு இருபது சுற்று. குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் குழாய் பிடுங்கிக்கொள்ளும். அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றினாள்.

கட்டிலில் இருந்தது திருப்புளியின் அக்கா. திருப்புளி என்பது ஒரு பட்டப்பெயர். அந்த மருத்துவமனையின் இயந்திரங்களுக்கெல்லாம் அவன்தான் மெக்கானிக். மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவன் திருப்புளி வைத்திருப்பான். அக்காவின் கல்யாண போட்டோவில்கூட, மாப்பிள்ளைக்குப் பின்னால் அது தெரிகிறது.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"நின்னுடுச்சுக்கா."

"அது படுத்திருக்கற எனக்கே தெரியுது. ஏன் நின்னுச்சு?"

"தெரியல. பூஜ்யம்னு போட்டிருக்கு."

"நான் மெஷினப் பத்திக் கேட்டேன். உன் கணக்குப் பாட மார்க்க யாரு கேட்டா?"

நர்ஸம்மா சிரித்ததில் ஒரு சுற்று விட்டுப்போனது.

இந்த இடத்தில் கெர்னல் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கணினிக்குள் நூறு மென்பொருள் இருந்தாலும், யாருக்கு எவ்வளவு இடம், யார் எப்போது வேலை செய்வது, யார் வாயை மூடுவது என்று தீர்மானிக்கும் மென்பொருள் ஒன்றே ஒன்றுதான். அதுதான் கெர்னல். கணினியின் நினைவகத்தில் அது தன் சாமான்களை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் பதினாறு இலக்கத்தில் ஒரு முகவரி உண்டு. அதில் ஒன்று திருடன் கையில் சிக்கினாலும், மற்றவற்றை அவன் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து உள்ளே புகுந்துவிடுவான். ஆகவே முகவரிகளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. இது நியாயமான பயம். கேலி செய்ய இதில் எதுவும் இல்லை.

அந்தப் பயத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் அமைத்தார்கள். அதன் பெயர் கெர்னல் காப்பு வாரியம்.

முகவரியை மறைப்பதில் மூன்று நிலைகள் உண்டு. பூஜ்ய நிலையில் யார் கேட்டாலும் காட்டும். முதல் நிலையில், உரிமை உள்ள மெக்கானிக்குக்குக் காட்டும், மற்றவர்களுக்கு முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யங்களைக் காட்டும். இரண்டாம் நிலையில் கடவுளே வந்து கேட்டாலும் பூஜ்யங்கள்தான். வாரியம் எல்லா மருத்துவமனைகளையும் இரண்டாம் நிலையில் வைத்தது. அந்த முடிவுக்கான கோப்பில் ஒரே ஒரு குறிப்புதான் இருக்கிறது: 'ஒன்றைவிட இரண்டு பெரியது.'

திருப்புளியிடம் கெர்னலின் நிரல் முழுவதும் இருந்தது. மொத்தம் நாற்பது லட்சம் வரி. முகவரி தெரிந்தால் தவறு எந்த வரியில் என்று அரை மணியில் சொல்லிவிடுவான். தெரியாவிட்டால் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளைக்கு நூறு வரி என்று வைத்தாலும் நூற்றுப்பத்து வருஷம் ஆகும். அவன் அதற்குத் தயார். அக்காவால்தான் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

நாலாம் நம்பரை ஓரங்கட்டவும் வழியில்லை. ஆறு இயந்திரம், வேளைக்கு ஆறு பேர். ஒன்றை நிறுத்தினால் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்படி வீட்டுக்குப் போகிறவர் ரொம்ப நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

ஆகவே புதன்கிழமை காலை திருப்புளி வாரியத்துக்குப் போனான்.

*

வாரியம் ஏழு மாடிக் கட்டடம். வாசலில் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி இருந்தது. உள்ளே வரவேற்பு மேசையில் ஓர் எழுத்தர் இருந்தார்.

"துணை மறைப்பாளரப் பாக்கணும் சார். எந்த ரூம்?"

"எந்த ரூம்னு சொல்ல முடியாது."

"ரகசியமா?"

"ரகசியம் இல்ல தம்பி. எனக்கே தெரியாது. தெனமும் காலைல ரூமெல்லாம் எடம் மாறிடும். கெர்னல் ஒவ்வொரு தடவ கெளம்பும்போதும் தன் சாமானை வேற வேற எடத்துல வெக்கும், திருடனுக்குக் கொழப்பமா இருக்கட்டும்னு. நல்ல யோசனைன்னு நாங்களும் ஆபீசுக்கு எடுத்துக்கிட்டோம்."

"அப்ப நீங்க எப்படி உங்க சீட்டுக்கு வரீங்க?"

எழுத்தர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இது என் சீட்டுன்னு யார் சொன்னா? நான் கட்டடப் பராமரிப்பு. திங்கக்கெழமலேர்ந்து என் மேசையத் தேடறேன். இது காலியா இருந்துது."

மாடிப்படிகளில் ஊழியர்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை, எல்லார் முகத்திலும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு பார்க்க வந்த பெற்றோரின் கலக்கம். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் படியிலேயே உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம், அதற்குள் அறை கிடைத்துவிடும் என்று நம்புவதாகச் சொன்னார். வாரியத்துக்குள் இதுவரை திருடன் யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

பிற்பகல் இரண்டரைக்கு ஐந்தாம் மாடியில், காலையில் கேன்டீனாக இருந்த அறையில், துணை மறைப்பாளர் கிடைத்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். படிவம் ஒன்றை நீட்டினார்.

'மறைக்கப்பட்ட முகவரியை அறிய விண்ணப்பம். கட்டம் ஒன்று: தாங்கள் அறிய விரும்பும் முகவரி.'

திருப்புளி அதை மூன்று தடவை படித்தான். "சார், இது தெரிஞ்சா நான் ஏன் வரப்போறேன்?"

"தெரியாம எப்படித் தரது? ரெண்டு கோடி முகவரி இருக்கு. நீங்க எதக் கேக்கறீங்கன்னு எங்களுக்குப் புரிய வேணாமா?"

"சரி, எனக்குத் தெரிஞ்சிருந்து இதுல எழுதிக் குடுத்தா?"

துணை மறைப்பாளரின் முகம் மாறியது. "மறைச்ச முகவரி உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அது குற்றம் தம்பி. அதுக்குத் தனிப் படிவம்."

திருப்புளி படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னான். குழாயில் நின்ற ரத்தம், கைப்பிடி, நர்ஸம்மாவின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சொன்னான். துணை மறைப்பாளர் கடைசிவரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குள் ஒரு மனிதர் எழுந்து நிற்பது போலத் தெரிந்தது. எழுந்தவர் நேராகப் போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார்.

"உங்க கஷ்டம் எங்களுக்கு அப்பவே தெரியும். ஆய்வுப் பிரிவு ஒரு வருஷம் ஒழச்சு இதக் கண்டுபிடிச்சிருக்கு. நாட்டுல இருக்கற எல்லா மெஷினோட பிழை அறிக்கையையும் வாங்கிப் பாத்தோம். பதினோராயிரத்து நானூறு அறிக்கை. அத்தனை பிழையும் எங்க நடந்திருக்கு தெரியுமா?"

வரைபடத்தில் ஒரே ஒரு கோடு இருந்தது. அது கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பூஜ்யத்துல. அத்தனையும் ஒரே எடம். நாட்டுலயே ரொம்ப ஆபத்தான எடம் பூஜ்யம்தான்."

திருப்புளி வரைபடத்தின் கிட்டே போனான். "சார். அந்த பூஜ்யம் நீங்க போட்டது. உண்மையான எடத்த மறச்சு, அதுக்கு மேல நீங்களே போட்ட பூஜ்யம்."

"மறைக்கறது மறைப்புப் பிரிவு. ஆராய்ச்சி பண்றது ஆய்வுப் பிரிவு. எத மறைச்சோம்னு ஆய்வுப் பிரிவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது கசிவு."

"உங்களுக்கு ரெண்டும் தெரியுமே சார்."

"நான் ரெண்டு பிரிவுக்கும் பொறுப்பு. காலைல அது, மத்தியானம் இது. இப்ப மணி ரெண்டே முக்கால். ஆய்வுப் பிரிவு."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, தகப்பன் மாதிரி சொன்னார்: "பூஜ்யத்துக்குக் காவல் போட உத்தரவாயிடுச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து எந்த மென்பொருளும் அந்தப் பக்கம் போக முடியாது. அக்கா கிட்ட சொல்லுங்க, கவலப்பட வேணாம்னு."

*

அக்காவிடம் அவன் சொன்னான். வீட்டில், அவள் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

"ஆக, திருட்டுப் போகாம இருக்க வீட்டப் பூட்டி, சாவியக் கெணத்துல போட்டுட்டு, கெணத்தத் தூத்துட்டாங்க," என்றாள் அக்கா.

"அப்படித்தான்க்கா."

"நீ அங்க உக்காந்து தலையாட்டிட்டு வந்த."

"நான் சொன்னேன்க்கா. அவருக்கு மத்தியானம் புரியாதாம்."

"அப்ப காலைல போயேண்டா."

மறு வாரம் வியாழக்கிழமை காலையில்தான் போனான். துணை மறைப்பாளர் கிடைக்கவில்லை, அவருடைய அறை பாதிப் படியில் எங்கோ இருப்பதாகப் பேச்சு. அதே நாள், அவன் வாரியத்தின் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நாலாம் நம்பர் மறுபடி நின்றது. நர்ஸம்மா அடுத்த கட்டடத்தில் ஊசி வாங்கப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரர்தான் சத்தம் போட்டார். அவரும் ஒரு இயந்திரத்தோடு கட்டப்பட்டிருந்ததால் சத்தம் மட்டும்தான் போட முடிந்தது. கைப்பிடியை மாட்டிச் சுற்ற ஆரம்பிப்பதற்குள் ஒன்பது நிமிஷம் போய்விட்டது. குழாயில் இருந்த ரத்தம் உறைந்துவிட்டது. உறைந்த ரத்தத்தைத் திருப்பி ஏற்ற முடியாது, குழாயோடு சேர்த்துக் குப்பையில் போட வேண்டும். அக்கா ஏற்கெனவே வெளுத்தவள். திருப்புளி வந்து பார்த்தபோது சுவருக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா," என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். அவரும் எதையோ மறைக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

அக்கா அன்று எந்தக் கேலியும் செய்யவில்லை. அதுதான் அவனுக்கு மிகவும் பயமாக இருந்தது.

*

அடுத்த திங்கட்கிழமை வாரியத்தின் விழிப்புணர்வு நாள். எல்லா மருத்துவமனை மெக்கானிக்குகளும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. எங்கே வர வேண்டும் என்பது உத்தரவில் இல்லாததால் இருநூறு பேரில் அறுபது பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அரங்கில் காற்றே இல்லை. விசிறிகள் இருந்தன. எந்த சுவிட்ச் எந்த விசிறிக்கு என்று எழுதியிருந்த சீட்டுகளைப் போன மாதம்தான் பாதுகாப்புக் கருதிக் கிழித்திருந்தார்கள்.

தலைமை மறைப்பாளர் மேடையேறினார். குள்ளமான, நேர்த்தியான பெண்மணி. பேசும்போது தன் வார்த்தைகளைத் தானே ரசித்து ஓர் இடைவெளி விடுவார்.

"நண்பர்களே. நான் பதவிக்கு வந்தபோது இந்த நாட்டில் எதையாவது தேடினால் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த அவலத்தை ஒழித்தோம். இன்று எங்கள் அலுவலகத்தில் எனக்கே என் கோப்பு கிடைப்பதில்லை. எனக்கே கிடைக்காதது எதிரிக்கு எப்படிக் கிடைக்கும்? சிலர் கேட்கிறார்கள், பழுது பார்ப்பவனுக்காவது காட்டக் கூடாதா என்று. நான் கேட்கிறேன், பழுது இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னது? பிழை அறிக்கைதானே? அப்படியானால் பிழை அறிக்கையே ஒரு கசிவு. விரைவில் மூன்றாம் நிலை வருகிறது. அதில் இயந்திரம் நின்றாலும் ஓடுவதாகவே திரை காட்டும். நோயாளி பதறமாட்டார். நாடு பதறாது."

முன்வரிசையில் கைதட்டல் கேட்டது. திருப்புளி கைதட்டவில்லை. அவன் விசிறிக்கொண்டிருந்தான். எல்லோருமே, மேடையில் இருந்த தலைமை மறைப்பாளர்கூட, விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் வாரியம் ஒரு கெட்டியான தாளை வைத்திருந்தது. விசிற வாகாக இருந்தது.

பாதிப் பேச்சில் அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

'வெளியிடக் கூடாத முகவரிகளின் முழுப் பட்டியல். இவற்றை வெளியிட வேண்டாம் என அனைவருக்கும் தெரிவிக்கும் பொருட்டு.'

கீழே வரிசையாகக் கட்டங்கள். மருத்துவமனை, இயந்திரம், நேரம், பிழை நடந்த உண்மையான முகவரி, அன்றைக்குக் கெர்னல் எவ்வளவு இடம் நகர்ந்திருந்தது என்ற கணக்கு. திருடன் கூட்டிக் கழித்து அலைய வேண்டாம் என்ற கருணை அந்தக் கடைசிக் கட்டத்தில் தெரிந்தது. ஓரத்தில் இன்னொரு கட்டமும் இருந்தது: 'மறைக்கப்பட்டதா? ஆம்.' எல்லா வரியிலும் ஆம்.

பதினான்காவது வரி அவனுடைய மருத்துவமனை. நான்காம் நம்பர். செவ்வாய், பத்து நாற்பது.

திருப்புளி சட்டைப் பையைத் தடவினான். பேனா இல்லை, அந்தப் பையில்தான் திருப்புளி இருக்கிறதே. பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி, உள்ளங்கையில் பதினாறு இலக்கத்தையும் எழுதி, கையை மூடிக்கொண்டான். மூடிய கையோடு தேசிய மறைப்பு உறுதிமொழியையும் எழுந்து நின்று எடுத்துக்கொண்டான். கூட்டம் முடிந்ததும் ஊழியர்கள் நாற்காலிகளில் கிடந்த தாள்களைப் பொறுக்கி, ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால், வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்கள்.

*

அரை மணி என்று அவன் போட்ட கணக்கு தப்பு. இருபது நிமிஷம்தான் ஆனது.

வரியைப் பார்த்ததும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, ஜன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, மறுபடி வந்து பார்த்தான். அதே வரிதான்.

அது முகவரிகளை மறைக்கும் வரி. வாரியம் எழுதியது.

முகவரி வரும் இடத்தில் பதினாறு பூஜ்யங்களை எழுதப் பதினாறு கட்டம் ஒதுக்கியிருந்தார்கள். எழுதி முடித்ததும் 'முடிந்தது' என்பதற்கு அடையாளமாகக் கணினி இன்னொரு பூஜ்யம் வைக்கும், அது வழக்கம். அந்தப் பதினேழாவது பூஜ்யத்துக்கு இடம் இல்லை. அது எல்லையைத் தாண்டிப் பக்கத்தில் விழுந்தது. பக்கத்தில் கெர்னல் ஒரு முத்திரை வைத்திருந்தது. முத்திரை கலைந்தால் திருடன் சுவரேறி வந்துவிட்டான் என்று பொருள், உடனே எல்லாவற்றையும் நிறுத்து என்பது கட்டளை. ஆக, கெர்னல் திருடன் வந்துவிட்டதாக நினைத்து, அக்காவின் ரத்தத்தை நிறுத்தியது. வந்தது காவல்காரனின் கால்.

மற்ற ஐந்து இயந்திரங்கள் தப்பித்ததற்கும் காரணம் இருந்தது. நாலாம் நம்பரில் மட்டும் புதிய அழுத்த சென்சார் ஒன்று இருந்தது. குழாயில் அழுத்தம் ஏறும்போதெல்லாம் அது தன் முகவரியோடு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதும். எழுதினால் மறைப்பு வரும். மறைப்பு வந்தால் பதினேழாவது பூஜ்யம் விழும்.

திருப்புளி 16 என்று இருந்ததை 17 என்று மாற்றினான். வேறு எதையும் தொடவில்லை. முகவரிகள் முன்போலவே மறைந்துதான் இருந்தன.

இயந்திரம் பத்தொன்பது நாள் நிற்கவில்லை. அக்கா உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. தையல்காரரிடம், "உங்க சட்டைய விட உங்க தைரியம்தாண்ணே கிழிஞ்சிருக்கு," என்று சொல்லும் அளவுக்குத் தேறினாள்.

இருபதாம் நாள் வாரியத்திலிருந்து அழைப்பாணை வந்தது. குற்றச்சாட்டு: 'பிழைகள் வராமை.'

*

விசாரணை அறையில் தலைமை மறைப்பாளரும் துணை மறைப்பாளரும் இருந்தார்கள். காலை பத்து மணி. துணை மறைப்பாளர் மறைப்புப் பிரிவில் இருந்தார்.

"பத்தொன்பது நாளாக உங்கள் வார்டிலிருந்து ஒரு பூஜ்யம்கூட வரவில்லை," என்றார் தலைமை. "என்ன செய்தீர்கள்?"

திருப்புளி சொன்னான். பதினாறு, பதினேழு, முத்திரை, காவல்காரனின் கால். மறைக்காமல் சொன்னான். அந்தக் கட்டடத்தில் அது ஒரு புது அனுபவமாக இருந்திருக்க வேண்டும்.

"முகவரி எப்படித் தெரிந்தது?"

"நீங்க குடுத்த தாள்ல இருந்துது மேடம். எல்லா நாற்காலியிலயும் வெச்சிருந்தீங்க."

"அது ரகசியத் தாள். ரகசியத் தாளை நாங்கள் நாற்காலியில் வைக்கமாட்டோம். வைத்திருந்தால் அது ரகசியமாக இருக்காது. அது ரகசியம். ஆகவே வைக்கவில்லை."

"நான் அதுலதான் மேடம் விசிறிக்கிட்டேன். நீங்களும்."

தலைமை மறைப்பாளர் துணையைப் பார்த்தார். துணை கண்ணாடியைத் துடைத்தார்.

"இருக்கட்டும். நீங்கள் சொல்வது என்னவென்றால், எங்கள் மறைப்பில் தவறு இருக்கிறது. தவறு இருக்கிறதென்றால் எங்கே என்று நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே என்று ஒப்புக்கொண்டால் ஒரு முகவரி வெளியாகிவிடும். முகவரி வெளியாகக் கூடாது. ஆகவே தவறு இல்லை."

"தவறு இல்லன்னா ஏன் மேடம் எங்கக்கா ரத்தம் ஒறஞ்சுது?"

தலைமை மறைப்பாளர் முதல் முறையாக எழுத்து நடையை விட்டு இறங்கினார். குரலில் கடுமை இல்லை. அதுதான் கொடுமை.

"தம்பி, எனக்கும் கூடப்பொறந்தவங்க இருக்காங்க. ஒரு வார்டுல ஒருத்தர். நான் மொத்த நாட்டையும் பாக்கணும். இன்னைக்கு ஒரு எண்ண மாத்த விட்டா, எங்க நிரல்ல தப்பு இருந்துதுன்னு ஆகும். நாளைக்கு எந்த மறைப்ப யார் நம்புவாங்க?"

திருத்தம் செல்லாது என்று தீர்ப்பானது. பழைய நிரலே மறுபடி ஏற்றப்படும். திருப்புளிக்கு முன்னால் ஒரு தாள் வைக்கப்பட்டது. அதற்கு அறியாமை உறுதிமொழி என்று பெயர்:

'எனக்கு எதுவும் தெரியாது. எது தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. பதினேழு என்ற எண்ணை மருத்துவமனை வளாகத்துக்குள் வாயால் சொல்லமாட்டேன்.'

"கையெழுத்துப் போடலன்னா?"

"ஆறு மெஷினுக்கும் சீல்," என்றார் துணை மறைப்பாளர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆறு மெஷின் என்றால் வேளைக்கு ஆறு பேர். திருப்புளி கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கும் இடம் இருந்தது. மாடிப்படிப் பெரியவரை அழைத்து வந்து போடச் சொன்னார்கள். ஓர் அறைக்குள் நுழைந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

*

சனிக்கிழமை அதிகாலையிலேயே வாரியத்தின் ஆட்கள் வார்டுக்கு வந்து, ஆறு இயந்திரங்களிலும் பழைய நிரலை ஏற்றினார்கள். அதோடு விடவில்லை. நாலாம் நம்பர் நாலாம் நம்பர் என்று ஊர் பேசுவதே ஒரு கசிவு என்பதால், இயந்திரங்களின் முன்பக்க நம்பர் பட்டைகளைச் சுரண்டி எடுத்தார்கள். புதிய சென்சார் வெளியே தெரியாமல் ஆறுக்கும் ஒரே மாதிரி உறை போட்டு, திருகுகளின் மேல் முத்திரை வைத்தார்கள். பிறகு ஆறையும் தள்ளிக்கொண்டு போய் இடம் மாற்றி வைத்தார்கள். இனி தினமும் காலையில் இது நடக்கும். வாசலில் ஒரு முக்காலி போட்டு, அதில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு கண்காணிப்பாளரை உட்கார வைத்தார்கள்.

எட்டு மணிக்கு ஆறு பேரும் உள்ளே வந்தார்கள். நர்ஸம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"யாருக்கு எது?" என்றார் தையல்காரர்.

"காலியா இருக்கறதுல ஒக்காருங்கண்ணே," என்றாள் நர்ஸம்மா.

யாரும் உட்காரவில்லை. ஆறு பேரும் ஆறு இயந்திரங்களையும் பார்த்தார்கள். நாற்காலியைச் சுற்றி ஓடும் விளையாட்டில் பாட்டு நின்ற பிறகும் யாரும் உட்காராதது போல இருந்தது.

திருப்புளிக்கு மட்டும் தெரியும். நாலாம் நம்பரின் பின்சக்கரத்துக்கு மேலே, கைப்பிடி மாட்டும் இடத்துக்குக் கீழே, திருப்புளியால் கீறிய சின்னக் கோடு ஒன்று உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் சக்கரம் மாற்றும்போது தவறிப் பட்டது. வாரியத்தின் பட்டியலில் இல்லாத ஒரே அடையாளம்.

அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடிப்பது போல நெருங்கி, காதில் சொன்னான்: "ஜன்னல் பக்கத்துலேர்ந்து ரெண்டாவது. அதுல மட்டும் ஒக்காராத."

அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள். தையல்காரர் வேறு வழியில்லாமல் அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தார், தோளில் துண்டும் கையில் சின்ன ரேடியோவுமாக.

"நான் ஒக்காரலன்னா யாருடா ஒக்காருவாங்க?"

திருப்புளி தையல்காரரின் ரேடியோவைப் பார்த்தான்.

"எத்தன பேருகிட்ட சொல்லியிருக்க?"

"உன்கிட்ட மட்டும்தான்க்கா."

"ஓ. நல்ல மறைப்பாளர்டா நீ. அவங்க ஆபீஸ்ல ஒரு படி காலியிருக்கும், போய் ஒக்காரு."

அவன் கையை உதறினாள். மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, தையல்காரருக்கு முன்னால் போய் நின்றாள். "அண்ணே, எனக்கு ஜன்னல் பக்கம் வேணும். நீங்க உள்ள போங்க. உங்களுக்கு வெளிச்சம் ஆகாது." தையல்காரருக்கு எதுவும் புரியவில்லை. போனார்.

அக்கா கட்டிலில் சாய்ந்து கையை நீட்டினாள். நர்ஸம்மா ஊசியைச் செலுத்தினாள். பிறகு அக்கா தம்பியைப் பார்த்துச் சொன்னாள்:

"என்ன நிக்கற? கைப்பிடிய உருவிக் கையில வெச்சுக்கோ. போன தடவ நீ பக்கத்துல இல்ல. இப்ப இருக்க. அதான் வித்தியாசம்."

அவன் முக்காலி ஒன்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எட்டரை ஆனது. ஒன்பதரை ஆனது. தையல்காரரின் ரேடியோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. அக்கா தூங்கவில்லை. தூங்குவதாக நடித்தாள். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது, இடது கைக்கு மாற்றினான், மறுபடி வலது கைக்கு.

பத்து நாற்பத்திரண்டுக்குப் பம்ப் நின்றது. திரையில் பதினாறு பூஜ்யங்கள் வந்தன. அவை வந்து முடிப்பதற்குள் கைப்பிடி சொருகியாகிவிட்டது. திருப்புளி சுற்ற ஆரம்பித்தான். சுற்று ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் மெதுவாகவும் போனது.

"எண்ணிச் சுத்துடா," என்றாள் அக்கா. "ஒண்ணு. ரெண்டு. மூணு."

அவள் எண்ண எண்ண அவன் கை நிதானத்துக்கு வந்தது. நர்ஸம்மா குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரத்தம் நகர்ந்தது. பதினான்கில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பதினைந்தைப் பாதியில் விழுங்கினாள்.

"பதினாறு," என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

வாசலில் கண்காணிப்பாளர் நோட்டைத் திறந்தார். வார்டில் ரேடியோ மட்டும் கேட்டது.

"பதினேழு," என்றான் திருப்புளி, வாசல்வரை கேட்கும்படி.

"பதினெட்டு," என்றார் தையல்காரர், தன் கட்டிலில் இருந்தபடி.

கண்காணிப்பாளர் குறிப்பு எழுதினார். குற்றம்: தடை செய்யப்பட்ட எண்ணைச் சொன்னது. நடந்த இடம் என்ற கட்டத்தில், விதிப்படி, பதினாறு பூஜ்யங்கள் போட்டார். சொன்னவர் முகவரி என்ற கட்டத்திலும் போட்டார். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு நோட்டை மூடிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

இருபது வந்ததும் அவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.